குத்தம்பாக்கத்து ஐந்து நிமிடம்: மனைத் தரகர் மொழியில் வினைத்தொகையின் ஆட்சி

பள்ளிக்கூடத்தில் வினைத்தொகை நடத்தும் தமிழாசிரியர்கள் எல்லோரும் ஊறுகாயில்தான் தொடங்குவார்கள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் ஒரே ஜாடிக்குள் கிடக்கும். எது என்று வெளியே தெரியாது. அதனால்தான் அதைக் காலம் கரந்த பெயரெச்சம் என்கிறோம். அந்த வகுப்பில் நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கான அபராதம் 2022-ல், குத்தம்பாக்கத்தில் அரை கிரவுண்ட் மனை தேடிப் போனபோது வசூலிக்கப்பட்டது.

“இது வளர் பகுதி சார்” என்றார் தரகர். வளர்ந்த பகுதியா, வளர்கின்ற பகுதியா, வளரும் பகுதியா? நான் கேட்கவில்லை. அவரும் விரித்துச் சொல்லவில்லை. இருவரும் ஒரு வேலிகாத்தான் புதரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மௌனமாக நின்றோம். அந்த மௌனத்தில் பிறந்ததுதான் இந்த ஆய்வு.

ஆய்வின் கருதுகோள் எளியது. மனைத் தரகர் பொய் சொல்கிறார் என்பது மக்களிடையே பரவலாக உள்ள தப்பெண்ணம். அவர் பொய் சொல்வதில்லை, காலத்தை மறைக்கிறார். அவர் சொல்வது எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் உண்மை. அந்தக் காலம் எது என்பது மட்டும் தொக்கி நிற்கிறது.

களமும் கருவிகளும்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் என்று ஊர்கள் கடந்து குத்தம்பாக்கம் வரும். பக்கத்தில் ஆழ்வார் பிறந்த திருமழிசை. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியும் தூரமில்லை. கோயம்பேட்டிலிருந்து காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு போகும் பஸ்களை இடம் மாற்றுவதற்காகச் சி.எம்.டி.ஏ. சுமார் 25 ஏக்கரில் ஒரு பேருந்து முனையத்தை இங்கே கட்ட ஆரம்பித்தது. நான் மனை தேடிய காலத்தில் அது தூண்களும் கம்பிகளுமாக நின்றது. பல வருஷமாகப் பேசப்படும் திருமழிசை துணைநகரம் ஒரு பக்கம், பூந்தமல்லி பைபாஸ் வரை வரவிருந்த மெட்ரோ ஒரு பக்கம். வினைத்தொகை விளைய இதைவிடச் செழிப்பான மண் தமிழ்நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது பதினொரு தரகர்கள். இவர்களில் நால்வர் ஒரே மனையைக் காட்டினார்கள், நான்கு வேறு விலைகளில். கருவிகள்: மாமனாரின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம், ஒரு பைக், தச்சரிடம் இரவல் வாங்கிய டேப். ஆய்வு நெறியாளர் என் மனைவி. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் முடிவுகளைச் சமர்ப்பிக்கும்போது அவர் கேட்ட ஒரே கேள்வி “சரி, இன்னிக்கு எவ்வளவு பெட்ரோல்?” என்பதுதான். அதற்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

நிலம் கைமாறும் மொழிக்குத் தமிழில் ஆயிரம் வருஷத்துச் சான்று உண்டு என்பதால் முன்னோரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்தவை முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள். பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியைச் சொல்கிற அவை, அந்த ஊரின் எல்லைகளை ஏடு ஏடாக விவரிக்கின்றன. சோழர் காலத்தில் எல்லை குறிக்கப் பெண் யானையை நடக்கவிடுவார்கள். அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் எல்லாம் சேர்த்து எழுதுவார்கள். வினைகளைக் கவனியுங்கள். யானை நடந்தது. உடும்பு ஓடியது. கள்ளி நட்டார்கள். யானை நடக்கப்போகிறது என்று எந்தச் செப்பேட்டிலும் இல்லை. யானை வந்து சேரும் வரை ஓலை எழுதுகிறவர் காத்திருந்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் என்னும் அளவை

குத்தம்பாக்கத்தில் எந்த மனையும் எந்த இடத்திலிருந்தும் ஐந்து நிமிடம். முனையத்திலிருந்து ஐந்து, நெடுஞ்சாலையிலிருந்து ஐந்து, மெட்ரோவிலிருந்து ஐந்து, பெயர் பெற்ற பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஐந்து. இவை அனைத்தும் உண்மையானால் அந்த மனை, மனையாக இருக்க முடியாது; நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் போலீஸ் குடையாகத்தான் இருக்க வேண்டும்.

சோதனைக்காக ஒரு சனிக்கிழமை காலை முனையத்து வேலியிலிருந்து குறிப்பிட்ட ஒரு மனைக்கு நடந்தேன். 52 நிமிடம். நடுவில் ஒரு நாய் துரத்தியதால் அளவீட்டில் சிறு பிழை இருக்கலாம். நாய் இல்லாவிட்டால் 55 ஆகியிருக்கும். மறுநாள் பைக்கில் போனேன். 14 நிமிடம். தரகரிடம் முடிவைச் சமர்ப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. இரக்கத்தோடு பார்த்தார்.

“சார், நீங்க சுத்திப் போயிருக்கீங்க.”

“வேற வழி இல்லையே.”

“இப்பிடியே நேரா ஒரு அறுபதடி ரோடு வரப்போகுது சார். அதுல போனா அஞ்சு நிமிஷம்.”

அவர் கை நீட்டிய திசையில் ஒரு குட்டை, இரண்டு எருமைகள், அதற்கு அப்பால் ஒரு மதில் சுவர். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த முக்கியமான கண்டுபிடிப்பு இதுதான் என்று துணிந்து சொல்வேன். தரகர் சொல்லும் ஐந்து நிமிடம் இன்றைய சாலையில் ஓடுவதில்லை. இன்னும் போடாத சாலையில், இன்னும் வாங்காத காரில், இன்னும் வராத சிக்னலில் நிற்காமல் போகும் நேரம் அது. அந்தச் சாலை வந்தால் நானே நான்கரை நிமிடத்தில் போய்விடுவேன். ஆகவே அவர் சொன்னது பொய் இல்லை.

பக்கத்து ஊர்த் திருமழிசையாழ்வார் ஒரு முறை கோபித்துக்கொண்டு கிளம்பியபோது, தன்னோடு வந்துவிடச் சொன்னதும் காஞ்சிபுரத்துப் பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். திரும்பி வரச் சொன்னதும் வந்து படுத்தார் என்பது ஐதீகம். அதனால் திருவெஃகாவில் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றே பெயர். இந்த வட்டாரத்தில் சொன்ன தேதியில் சொன்னதைச் செய்ததாக இன்றுவரை பதிவாகியிருப்பது அவர் ஒருவர்தான்.

வந்தது தங்கிவிடும் என்பதும் நிச்சயமில்லை. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடிவிட்டுத் தற்காலிகமாகத் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள். லாரிகள், தக்காளிக் கூடைகள், விடியற்காலை விளக்குகள். “கோயம்பேடே இங்க வந்துடிச்சி சார்” என்று அன்றைக்குச் சொன்ன தரகர் முழுக்க முழுக்க உண்மை பேசினார், அதுவும் இறந்தகாலத்தில். அந்த உண்மை செப்டம்பர் கடைசி வரை இருந்தது. பிறகு சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. சேறு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

2022 ஆகஸ்டில் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரமே குத்தம்பாக்கத்து பேனர்களில் ஒரு விமானம் ஏறிவிட்டது. பரந்தூர் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இருந்தாலும் பேனரில் விமானம் மனையின் தென்னங்கன்றை உரசிக்கொண்டு பறந்தது. பரந்தூர்ப் பக்கத்து ஏகனாபுரத்தில், விமான நிலையத்துக்காக ஊரே போகப்போகிறது என்று ஜனங்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். இங்கே அதே விமானத்துக்காகச் சதுர அடிக்கு விலை ஏறியது.

காலத்தை மறைக்க வினைத்தொகை போதாதபோது ‘லாம்’ விகுதி வரும். பேசிக்கலாம், பாத்துக்கலாம், முடிச்சிடலாம். விலை அதிகம் என்றால் பேசிக்கலாம். வழி இல்லை என்றால் பாத்துக்கலாம். பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து இல்லை என்றால் முடிச்சிடலாம். பேசப்போவது யார், பார்க்கப்போவது யார், முடிப்பது யார் என்று மூன்றிலும் எழுவாய் கிடையாது. பிற்காலத்தில் எழுவாய் தேவைப்படும்போது அது வாங்கியவராக இருக்கும்.

இடமும் மடிப்பும்

இடத்தைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். தரகர் மொழியில் சேய்மைச் சுட்டு கிடையாது. ‘அதோ’ என்பது அகராதியிலேயே இல்லை; கண்ணுக்கு எட்டாததும் ‘இதோ’தான். ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆகுபெயர்கள். குத்தம்பாக்கத்தைப் பூந்தமல்லி என்பார், பூந்தமல்லியைப் போரூர் என்பார், எல்லாவற்றையும் சேர்த்துச் சென்னை என்பார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கமே 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி அரக்கோணம் வரை இழுத்தது. உயர்வு நவிற்சிக்கு அரசாணையே இருக்கும்போது ஒரு தனிமனிதர் என்ன செய்வார்?

‘லேக் வியூ’ மனைகள் வேற்றுமை மயக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. சித்திரையில் அவை ஏரிக்கு அருகே இருக்கும், நான்காம் வேற்றுமை. கார்த்திகையில் ஏரியில் இருக்கும், ஏழாம் வேற்றுமை. உருபு ஒன்றுதான் மாறுகிறது.

சுடுகாட்டை ஒட்டிய மனை ஒன்றும் கிடைத்தது. அதை “சத்தமே இருக்காது சார், காம் ஏரியா” என்று காட்டினார்கள். சுடுகாடும் வினைத்தொகைதான் என்பது நினைவுக்கு வந்து சற்று நேரம் புல்லரித்துப் போனேன்.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது அந்த ஜெராக்ஸ். எல்லாத் தரகரின் ரெக்சின் பையிலும் ஒரு லே-அவுட் வரைபடம் இருக்கும். எட்டாக மடித்தது. விரிக்கும்போது அரிசி அப்பளம் மாதிரி சத்தம் போடும். விற்றுப்போன மனைகளை ரோஸ் நிற ஸ்கெட்ச் பேனாவால் பூசியிருப்பார்கள். பாதிக்கு மேல் ரோஸ்தான், நமக்குக் கை கால் பதறும். அடுத்த வாரம் போனால் அதே ரோஸ் மனைகளில் இரண்டு “கேன்சல் ஆயிடிச்சி சார், உங்களுக்காக வெச்சிருக்கேன்” என்று உயிர் பெற்றிருக்கும்.

அந்தக் காகிதத்தைப் பைக் சீட்டின் மேல் விரித்து நான் குனிந்து பார்த்தேன். மடிப்பு மடிப்பாக மை உதிர்ந்து வெள்ளைக் கோடுகள். ஒரு மடிப்பு மட்டும் கொஞ்சம் வளைந்து போனது. மடிப்பு எப்படி வளையும்? விரலால் தடவியபோது, அது மடிப்பே இல்லை, ஒயிட்னர். அதன் அடியில் ‘ஓடை’ என்று சின்ன எழுத்து. தரகர் என் விரலைப் பார்த்தார். “அது பழைய ஓடை சார்” என்றார். பழைய ஓடை என்றால் ஓடிய ஓடை. ஓடும் ஓடை அல்ல. முதல் முறையாக அவர் காலத்தை விரித்துச் சொன்னார் என்ற மகிழ்ச்சியில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

படர்க்கை: ‘பார்ட்டி’ என்னும் இருப்பு

தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று. தரகு மொழியில் படர்க்கைக்கு ஒரே பெயர்தான்: பார்ட்டி. விற்பவர் பார்ட்டி, வாங்குபவர் பார்ட்டி, பணம் தராமல் ஓடியவரும் பார்ட்டி. ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதுவும் கிடையாது. “நேத்து ஒரு பார்ட்டி வந்தாங்க, ஐ.டி. கம்பெனி, ஃபுல் கேஷ், நாந்தான் உங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன்னு அனுப்பிட்டேன்.” இந்த ஐ.டி. பார்ட்டியை நான் சந்தித்ததில்லை. பதினொரு தரகரிடமும் இவர் முதல் நாள் வந்து போயிருக்கிறார். எல்லா மனைகளையும் முழுப் பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறார். எந்த மனையையும் வாங்குவதில்லை. இவ்வளவு ஒழுக்கமான ஒரு மனிதரை இந்தக் காலத்தில் காண்பது அரிது.

உரிமையாளர் இன்னும் ஆழமான இலக்கணத்தைச் சேர்ந்தவர். பொற்றொடி வந்தாள் என்றால், வந்தவள் அந்தச் சொற்களுக்குள் இல்லை, வெளியே இருக்கிறாள். அது அன்மொழித்தொகை. மனையின் ஓனரும் அப்படித்தான். முதல் தரகருக்குப் பின்னால் இரண்டாவது தரகர், அவருக்குப் பின்னால் “லோக்கல் ஆளு”, அவருக்குப் பின்னால் பவர் ஏஜென்ட். எல்லோருக்கும் இரண்டு பர்சென்ட். எல்லோரும் ஓனரைப் பற்றியே பேசுவார்கள். ஓனர் மட்டும் எந்தச் சொல்லிலும் இருக்க மாட்டார். பொதுப் பவர் பத்திரத்தை வைத்து நிலம் கைமாறியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்ட், ஓனருக்குப் பதிலாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போய்விடும் என்பதால், பதிவின்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்கிறார்கள். அன்மொழித்தொகைக்கு உயிர்வாழ்ச் சான்று கேட்கிற ஒரே இலக்கண மரபு நம்முடையதாகத்தான் இருக்கும்.

முன்னிலையில் இருப்பவரிடம், அதாவது என்னிடம், கேட்கப்படும் முதல் கேள்வி பட்ஜெட் அல்ல. “சாருக்குச் சொந்த ஊர் எது?” சொன்னதும் அடுத்தது: “அங்க எந்தப் பக்கம்?” பிறகு “குலதெய்வம்?” இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் லே-அவுட் காகிதம் விரியும். ஒரு தரகர் என் பதில்களில் எதையோ கணக்குப் போட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில், “நல்ல ஏரியா சார், எல்லாம் நம்ம ஆளுங்கதான்” என்றார். நம்ம என்றால் யார் என்று கேட்டேன். சிரித்தார். தன்மைப் பன்மையில் இவ்வளவு தெளிவாக ஒருவர் சாதி பேச முடியும் என்பதை எந்த இலக்கண நூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1996-ல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரான ரங்கசாமி இளங்கோவின் காலத்தில் இந்த ஊரில் சமத்துவபுரம் கட்டினார்கள். அதில் இரட்டை வீடுகள்: ஒரே சுவரின் இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். குத்தம்பாக்கம் என்ற பெயரைத் தூரத்தில் தெரிந்துகொண்டவர்கள் அந்த வீடுகளால்தான் தெரிந்துகொண்டார்கள். பதினொரு தரகர்களும் விமானத்தைக் காட்டினார்கள், மெட்ரோவைக் காட்டினார்கள், வராத மருத்துவக் கல்லூரியைக் காட்டினார்கள். கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் அந்தச் சுவரை ஒருவரும் காட்டவில்லை.

எதிர் இலக்கணம்

தரகரோடு சண்டை போடுவதில் பயன் இல்லை. குரலை உயர்த்தினால் அவர் “சார், நான் உங்க தம்பி மாதிரி” என்று உவமைக்குப் போய்விடுவார். உவமையை எதிர்த்து வாதாட முடியாது. ‘மாதிரி’ என்ற உருபு அந்த மொழியில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்ரூவலா என்று கேட்டால் “அப்ரூவ்டு மாதிரிதான் சார்.” நிலவு மாதிரி முகம் என்றால் முகம் நிலவு அல்ல என்று நமக்குத் தெரியும். அப்ரூவ்டு மாதிரி மனை என்றால் மட்டும் ஏனோ புரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது, கேள்வியை இறந்தகால வினைமுற்றில் கேட்பது. “அப்ரூவல் இருக்கா?” அல்ல; “எந்தத் தேதியில அப்ரூவ் ஆச்சு, நம்பர் என்ன?” வினைத்தொகை எண்ணைத் தாங்காது. எண் கேட்டதும் உடைந்துவிடும். “ஆபீஸ்ல இருக்கு சார்” என்றால் ஆபீஸுக்குப் போக வேண்டும். ஆபீஸ் ஐந்து நிமிடம்தான்.

கேட்க வேண்டிய எண்கள் பல. 2016-ன் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது; விளம்பரத்தில் அதைப் பற்றிய விவரம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்று போட வேண்டும். தரகருக்கும் பதிவு உண்டு, 9-ஆம் பிரிவில். பதிவில்லாமல் இப்படிப்பட்ட மனைகளை விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை. “உங்க ரெரா நம்பர் என்ன?” என்று நான் கேட்டபோது பதினொருவரில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். இருவர் ஆதார் எண்ணைச் சொன்னார்கள். ஒருவர் தன் செல்போன் எண்ணையே மறுபடி மெதுவாகச் சொன்னார். தமிழ்நாட்டு ரெரா ஆணையம் அந்தமான் நிக்கோபாருக்கும் சேர்த்துத்தான் செயல்படுகிறது. அவ்வளவு கடல் தாண்டிப் போக முடிந்த சட்டம் பூந்தமல்லி தாண்டத் திணறுவது புவியியல் வல்லுநர்கள் ஆராய வேண்டியது.

டோக்கன் விஷயத்திலும் சட்டம் கறார். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் லே-அவுட் போட்டவர் வாங்கக் கூடாது. அங்கீகாரமில்லாத மனையை வீட்டுமனையாகப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் விலக்கு. ஆகவே “அன்அப்ரூவ்டுதான், ஆனா ரிஜிஸ்டர் ஆயிடும்” என்று எதிர்காலத்தில் ஒருவர் சொன்னால், இதற்கு முன் எந்த வருஷம் மனையாகப் பதிவாச்சு என்று இறந்தகாலத்தில் கேட்க வேண்டும்.

வில்லங்கச் சான்று போல இறந்தகாலத்திலேயே வாழும் இன்னொரு படைப்பு தமிழில் இல்லை. விற்றார், வாங்கினார், அடமானம் வைத்தார், மீட்டார், தானம் கொடுத்தார். முப்பது வருஷத்துக்குப் போட்டுப் படித்தால் ஒரு குடும்ப நாவல். மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷம் நமக்கே தெரிந்துவிடும், அந்த வருஷம் அடமானம் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். ஆனால் பதிவாகாத ஒப்பந்தமும், பதிவு செய்யாத உயிலும், அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனதும் அதில் வராது. அதற்கு ஊர் டீக்கடைதான் அலுவலகம். இரண்டு டீ, ஒரு பொறை பிஸ்கட், அரை மணி நேரம். பட்டா என்பது வருவாய்த்துறையின் கணக்கு. அது ஒன்றே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது, மூலப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். இதைச் சொன்னால் தரகருக்கு முகம் வாடும். “சார் ரொம்பப் படிச்சவர்” என்பார். பாராட்டு அல்ல.

செலவும் அப்படித்தான். நான் தேடத் தொடங்கியபோது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். 2023-ல் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், ஆனால் 2017-ல் குறைத்த வழிகாட்டி மதிப்பைப் பழையபடி உயர்த்தியும் விட்டார்கள். “ரெண்டு பர்சென்ட் மிச்சம் சார்” என்று தரகர் போன் பண்ணினார். அந்த இரண்டு பர்சென்ட் எனக்கு மிகவும் பரிச்சயமானது. அவருடைய கமிஷனும் அதுதான்.

கடைசிக் களப்பணி

எல்லா எண்களும் கைக்கு வந்த ஒரு மனை கடைசியில் அமைந்தது. அப்ரூவல் எண் சரி, பட்டா சரி, நான்கு மாதத்துக்கு முன் எடுத்த வில்லங்கச் சான்று சரி. நெறியாளரும் உடன் வந்தார். ஒன்று மட்டும் பாக்கி: ஓனரைப் பார்க்க வேண்டும் என்றேன். தரகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை தட்டிக்கழித்தார். நான்காம் ஞாயிறு, மனைக்குப் பக்கத்திலேயே ஒரு வேப்பமரத்தடியில் வயதான ஒரு அம்மா, மடியில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். தரகர் கொஞ்சம் வேகமாக நடந்தார். என் மனைவி நின்றுவிட்டார்.

“பாட்டி, இந்த எடம் யாரோடது?”

“எங்களதுதாம்மா.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அன்மொழித்தொகை விரிந்து கண்முன் உட்கார்ந்திருந்தது, கையில் முளைக்கீரையோடு.

“விக்கிறீங்களாமே?”

அந்த அம்மா தரகரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

“அத்த போன ஆடியிலயே வித்துட்டமே தாயி.”

வித்துட்டோம். தன்மைப் பன்மை, இறந்தகாலம், தெரிநிலை வினைமுற்று. குத்தம்பாக்கத்தில் நான் கேட்ட முதல் முழுமையான வாக்கியம். நான் நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். தரகர் அசரவில்லை. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பினார்.

“அதான் சார் நானும் சொல்றேன், அந்தப் பார்ட்டியும் இப்ப குடுக்குற ஐடியாலதான் இருக்காங்க. போன் பண்ணியாச்சு. பூந்தமல்லிதான், கெளம்பிட்டாங்க. அஞ்சு நிமிஷம்.”